கறுப்பாத்தான் போகும்

ஒரே ஒரு வாக்கியம்தான். அதை அவர் முப்பத்தோரு வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். ஆயிரம் பேரிடம் சொன்னபோதெல்லாம் சரியாக இருந்தது. கூடப் பிறந்த தம்பியிடம் சொன்னபோது தப்பாகிவிட்டது. அந்தத் தப்பில் தம்பி போய்ச் சேர்ந்தான். இதில் ஒளித்துவைத்துக் கடைசியில் சொல்ல ஒன்றுமில்லை, அதனால் முதலிலேயே சொல்லியாயிற்று.

பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருக்கிற மருந்துக்கடையில் அவர் விற்பனையாளர். முதலாளி இல்லை. முதலாளி மாதிரி நடந்துகொள்வார், அது வேறு கதை. சீட்டைக் கையில் வாங்கியதும் மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, காகிதத்தை முகத்தோடு ஒட்டிவைத்துப் படிப்பார். அப்புறம் கண்ணாடி எதற்கு என்று யாராவது கேட்டால், தூரத்தில் வருகிற ஆளைப் பார்க்க என்பார். அதனாலேயே அந்த வட்டாரத்தில் அவருக்குக் கண்ணாடிக்காரர் என்று பெயர். சொந்தப் பெயரைச் சொல்லிக் கேட்டால் பக்கத்துக் கடைக்காரருக்கே யோசிக்க வேண்டியிருக்கும்.

பத்தொன்பது வயதில் அந்தக் கடைக்குப் பெட்டி இறக்க வந்தவர். படிப்பு பாதியில் நின்றுபோனதால் முதலில் மருந்துகளை நிறத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டார். பிறகு பெயரை, பிறகு எது எதற்கு என்பதை, பிறகு எந்த டாக்டர் எதை எப்படிக் கிறுக்குவார் என்பதை. எதிர் கிளினிக்கின் நர்ஸே சில நாள் போன் போட்டு, எங்கள் டாக்டர் என்ன எழுதியிருக்கிறார், கொஞ்சம் படித்துச் சொல்லுங்கள் என்று கேட்பாள். அன்றைக்கு முழுக்க மனுஷனைப் பிடிக்க முடியாது. கயிற்றில் கட்டித் தொங்கும் கத்தரிக்கோலால் மாத்திரை அட்டையை வெட்டுகிறபோதுகூட ஒரு மிதப்பு தெரியும்.

கடைக்கு வருகிற ஆண்களைப் பற்றி அவருக்கு ஒரு அபிப்பிராயம் உண்டு. பெண்கள் வந்தால் தலைவலியா, வயிற்றுவலியா, நேராகச் சொல்லி வாங்கிக்கொண்டு போய்விடுவார்கள். ஆண்களோ வந்ததும் சோப்பைப் பார்ப்பார்கள். பற்பசையை எடுத்து விலை பார்ப்பார்கள். எடை பார்க்கும் மெஷினில் ஏறி இறங்குவார்கள். கூட்டம் கலைந்து, கடைசிப் பெண்ணும் படி இறங்கிய பிறகுதான் கிட்டே வந்து, தாழ்ந்த குரலில், தன் நண்பர் ஒருவருக்கு ஒரு மாதிரியாக இருக்கிறது என்று ஆரம்பிப்பார்கள். அந்த நண்பர் பாவம், ஊரிலிருக்கிற எல்லா வியாதியும் அவர் ஒருவருக்குத்தான் வரும். டாக்டரிடம் போகச் சொன்னால், அதெல்லாம் ஒன்றுமில்லை, சத்துக் குறைவுதான், ஏதாவது மாத்திரை இருந்தால் கொடுங்கள் என்பார்கள். கண்ணாடிக்காரரும் கொடுப்பார். கொடுத்து அனுப்புவதில் அவருக்கு ஒரு திருப்தி இருந்தது. டாக்டரிடம் போக வெட்கப்படுகிறவன் தன்னிடம் வந்து வாயைத் திறக்கிறானே என்று.

அந்த வாக்கியத்துக்கு வருகிறேன். ரத்தம் குறைவானவர்கள் வாங்கிப் போகிற இரும்புச்சத்து மாத்திரை மலத்தைக் கறுப்பாக்கும். தெரியாதவர்கள் அதைப் பார்த்து அரண்டுபோய் மாத்திரையை நிறுத்திவிடுவார்கள். அதனால் அட்டையை வெட்டி உறையில் போடும்போதே கண்ணாடிக்காரர் சொல்லிவிடுவார்: “வெளிக்குப் போறது கறுப்பாத்தான் போகும். இரும்புச்சத்து. பயப்படாதீங்க.” நல்ல வாக்கியம். அதனால் நன்மை அடைந்தவர்கள் எத்தனையோ பேர். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

தம்பி அவரைவிட எட்டு வயது சின்னவன். பஸ் டிப்போவில் டயர் பிரிவில் வேலை. பெரிய வண்டிச் சக்கரத்தைக் கழற்றுவது, மாட்டுவது, உருட்டிக்கொண்டு போவது. மற்றவர்கள் இரண்டு பேராகத் தூக்குவதைத் தனியாளாகத் தூக்குவான் என்று டிப்போவில் அவனுக்கு ஜாக்கி என்று பட்டம். மனைவி தையல் கம்பெனியில் காஜா அடிக்கிறவள். இரண்டு பெண் பிள்ளைகள். ஆஸ்பத்திரி வாசலை அவன் மிதித்ததே பிள்ளைகள் பிறந்தபோதுதான். தனக்கு ஒன்று என்றால் அண்ணன் கடை. அண்ணன் உள்ளங்கையில் எதை வைத்தாலும், இது என்ன என்றுகூடக் கேட்காமல் தண்ணீர் இல்லாமலே விழுங்குவான்.

ஒருநாள் மத்தியானம் வந்தான். வந்தவன் நேராகப் பேசவில்லை, எடை மெஷினில் ஏறி இறங்கினான். சொந்தத் தம்பியானால் என்ன, அவனும் ஆண்பிள்ளைதானே. கூட்டம் போன பிறகு சொன்னான், டயரைத் தூக்கி போல்ட்டில் மாட்டுவதற்குள் கண் இருட்டுகிறது, பசியில்லை, இரண்டு வாய் சாப்பிட்டதும் வயிறு நிறைந்துவிடுகிறது என்று. கண்ணாடிக்காரர் அவனை ஏற இறங்கப் பார்த்தார். வயசு நாற்பத்திரண்டு. இனிமேலும் இருபது வயதுக்காரன் மாதிரி டயரோடு மல்லுக்கட்டினால் அப்படித்தான் இருக்கும் என்று கேலி செய்தார்.

கவுண்டரின் மேல் ஒரு கம்பெனி ஆள் அந்த மாதம்தான் அட்டை ஸ்டாண்ட் ஒன்று வைத்துவிட்டுப் போயிருந்தான். அதில் வரிசையாக நீல பாட்டில்கள். பாட்டிலின் மேல் தலையில்லாத ஒரு ஆண், வயிற்றில் பாளம் பாளமாகச் சதை. ஆண்களுக்கான தினசரி சத்து மாத்திரை என்று பெரிய எழுத்து. கண்ணாடிக்காரர் ஒரு பாட்டிலை எடுத்துத் தம்பியின் சட்டைப் பையில் அவரே செருகினார். காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு தினம் ஒன்று என்றார்.

மூன்று வாரம் கழித்துத் தம்பி மறுபடி வந்தான். சாயங்காலம், நல்ல கூட்டம். நான்கைந்து பேர் சீட்டை நீட்டிக்கொண்டிருந்தார்கள். தம்பி பக்கவாட்டில் வந்து, கவுண்டர் மேல் குனிந்து, மெதுவாகச் சொன்னான்.

“அண்ணே, ஒரு வாரமா தார் மாதிரி கறுப்பாப் போகுது.”

கண்ணாடிக்காரர் கத்தரிக்கோலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கறுப்பாத்தான் போகும். இரும்புச்சத்துடா. மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம்” என்றார்.

அவ்வளவுதான். தம்பியின் முகம் தெளிந்துவிட்டது. மறுநாள் டிப்போவில் போய், எங்கள் அண்ணன் கொடுத்த மருந்து உள்ளேயிருக்கிற கசடையெல்லாம் வெளியே தள்ளுகிறது என்று பெருமை வேறு அடித்தான். அவன் சொல்லைக் கேட்டு இரண்டு டிரைவர்கள் வந்து ஆளுக்கொரு நீல பாட்டில் வாங்கிப் போனார்கள்.

பாட்டில் ஒன்று தீர்ந்து இரண்டானது, இரண்டு தீர்ந்து மூன்றானது. தம்பி இளைத்தான். பெல்ட்டில் புது ஓட்டை போட்டான். தொப்பை கரைந்தது நல்லதுதானே என்றார் அண்ணன். ஒருநாள் தம்பி மனைவி கம்பெனியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டுக் கடைக்கே வந்தாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை. இவர் வெளுத்துப்போய்க் கிடக்கிறார், மாடிப்படி ஏறினால் பாதியில் உட்கார்ந்துவிடுகிறார், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போகட்டுமா மாமா என்று கேட்டாள். அவள் கேட்டது யோசனை இல்லை, அனுமதி. அந்த வீட்டில் மருந்து விஷயம் என்றால் கண்ணாடிக்காரர் சொல்வதுதான் சட்டம்.

அவர் சொன்னார், ஆஸ்பத்திரிக்குப் போனால் அந்த டெஸ்ட் இந்த டெஸ்ட் என்று அலைய விடுவார்கள், இந்த பாட்டில் முடியட்டும், தெம்பு வந்துவிடும் என்று. அவள் தலையை ஆட்டிவிட்டுப் போய்விட்டாள்.

அந்த பாட்டில் முடிவதற்குள் தம்பி விழுந்தான். காலை ஷிப்டில், சக்கர நட்டைத் திருகிக்கொண்டிருந்தவன் அப்படியே பஸ்ஸில் சாய்ந்து உட்கார்ந்தான். ஜாக்கி இறங்கிவிட்டதடா என்று ஒருத்தன் சிரித்திருக்கிறான். பிறகுதான் வாயோரம் காப்பித்தூள் மாதிரி கறுப்பாக வழிந்ததைப் பார்த்தார்கள்.

ஆஸ்பத்திரியில் ரத்தம் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. இரண்டு பை ரத்தம் ஏற்றிவிட்டுத்தான் வாய் வழியாகக் குழாய் விட்டுப் பார்த்தார்கள். இரைப்பையில் கட்டி. அதிலிருந்துதான் மாதக்கணக்காக ரத்தம் கசிந்திருக்கிறது. ஸ்கேன் எடுத்ததில் ஈரலுக்கும் போயிருந்தது. அந்தச் செய்தியை டாக்டரம்மா வராந்தாவில் நிற்கவைத்து அண்ணனிடமும் மனைவியிடமும் சொன்னாள். சின்ன வயசு, அலட்டிக்கொள்ளாத பேச்சு. நாலைந்து மாதம் முன்னால் வந்திருந்தால் ஆபரேஷன் செய்யப் பார்த்திருக்கலாம் என்றாள். இவ்வளவு நாளாக ஒரு அறிகுறியும் தெரியவில்லையா என்று கேட்டுக்கொண்டே வார்டுக்குள் வந்து தம்பியிடமும் விசாரித்தாள். மலம் கறுப்பாகப் போனதா, பிசுபிசுவென்று ஒட்டுமா, நாற்றம் அடிக்குமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். எல்லாவற்றுக்கும் அவன் ஆமாம் என்றான். அண்ணன் இதில் ஒன்றைக்கூட ஒருநாளும் கேட்டதில்லை.

“அது மாத்திரையில இருக்கிற இரும்புங்க. எங்க அண்ணன் அப்பவே சொல்லிட்டாரு. முப்பது வருஷமா மருந்துக்கடையில இருக்காரு” என்றான் தம்பி. அந்த நிலைமையிலும் குரலில் ஒரு பெருமை.

டாக்டரம்மா கட்டிலின் காலடியில் நின்ற கண்ணாடிக்காரரைப் பார்த்தாள். அவரும் தலையை ஆட்டினார். இரும்பு கறுப்பாக்கும் என்பது பொய்யில்லையே. எதுவானாலும் அந்த பாட்டிலைப் பார்க்க வேண்டும், கொண்டுவாருங்கள் என்று சொல்லிவிட்டு அவள் அடுத்த கட்டிலுக்குப் போனாள்.

மறுநாள் காலை கடை திறந்ததும் அவர் ஸ்டாண்டிலிருந்து ஒரு நீல பாட்டிலை எடுத்தார். பையில் போடப் போனவர் என்னவோ தோன்றி அதைத் திருப்பினார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். பின்பக்கத்தில் எறும்பு ஊர்ந்தது போலப் பொடி எழுத்து. வைட்டமின்கள் வரிசையாக, துத்தநாகம், செலினியம், மக்னீசியம். இரும்பைக் காணோம். மேலேயிருந்து மறுபடி படித்தார். விரல் வைத்துப் படித்தார். கடைசி வரியில் இருந்தது: ஆண்களுக்குப் பொதுவாகக் கூடுதல் இரும்பு தேவைப்படாததால் இதில் இரும்பு சேர்க்கப்படவில்லை.

பாட்டிலைக் கையில் வைத்தபடியே பெட்டியின் மேல் உட்கார்ந்தார். ஊரிலுள்ள அத்தனை டாக்டரின் கிறுக்கலையும் படித்த மனுஷன், தன் கவுண்டரில் அஞ்சு மாசமாக நிற்கிற பாட்டிலின் முதுகைத் திருப்பிப் பார்க்கவில்லை. சத்து மாத்திரை என்றால் எல்லாச் சத்தும் இருக்கும், இரும்பு இல்லாமலா என்கிற நினைப்பு. வேறொன்றுமில்லை.

அடுத்து அவர் செய்ததைச் சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கிறது. நீல பாட்டிலை ஸ்டாண்டில் திருப்பி வைத்தார். ஏணியில் ஏறி, மேல் தட்டிலிருந்து இரும்புச்சத்து கலந்த வேறொரு கம்பெனி பாட்டிலை இறக்கினார். மூடியைத் திறந்து பாதி மாத்திரையைக் குப்பைக்கூடையில் கொட்டினார், பயன்படுத்தினது போலத் தெரிய வேண்டுமே. அதைப் பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினார். வழி முழுக்க, இப்படிச் செய்வதால் தம்பிக்கு ஒரு கெடுதலும் இல்லை, ஆனது ஆகிவிட்டது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்.

வார்டில் தம்பி மட்டும் இருந்தான். மனைவி பிள்ளைகளைப் பார்த்துவிட்டு வர வீட்டுக்குப் போயிருந்தாள். அண்ணன் பையிலிருந்து பாட்டிலை எடுத்து அலமாரி மேல் வைத்தார். தம்பி அதைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான்.

“நீல பாட்டில் என் சட்டைப் பையிலேயே இருந்துச்சுண்ணே. டாக்டரம்மா நேத்து சாயங்காலமே வாங்கிப் படிச்சுட்டாங்க.”

கண்ணாடிக்காரர் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டார். அழ ஆரம்பித்தார். ஐம்பது வயதுக்காரர், பக்கத்துக் கட்டில்காரர்கள் எழுந்து பார்க்கிற மாதிரி அழுதார். நான்தான்டா, நான்தான்டா என்பதைத் தவிர வாயில் வேறு வார்த்தை வரவில்லை. தம்பி அவர் கையை இழுத்துப் பக்கத்தில் உட்காரவைத்தான். கோபம் இல்லாமல் இல்லை, இருந்தது. முந்தின நாள் ராத்திரி முழுக்கத் திட்டித் தீர்த்துவிட்டேன் என்று அவனே சொன்னான். பிறகுதான் விஷயத்துக்கு வந்தான்.

“அவளுக்குத் தெரியாது. சொல்லிடாதண்ணே. நான் போயிட்டா அவளுக்கும் பிள்ளைங்களுக்கும் உன்னை விட்டா யாரு இருக்கா? உன்மேல வெறுப்பு வந்துட்டா அவ தனியா நின்னுடுவா. சத்தியம் பண்ணு.”

பண்ணினார். வேறு என்ன செய்ய முடியும்? டாக்டரம்மாவிடமும் தம்பியே கேட்டுக்கொண்டான். அவள் நோயாளியின் விருப்பம் என்று விட்டுவிட்டாள்.

அதற்குப் பிறகு எழுபத்தெட்டு நாள். டயரைத் தனியாகத் தூக்கின ஆளை அண்ணன் ஒரு கையால் தூக்கிக் கழிவறைக்குக் கொண்டுபோனார். மனைவி வேலையை விட்டுவிட்டுப் பக்கத்திலேயே கிடந்தாள். வலி மிஞ்சினபோது அவன் கத்தமாட்டான், பல்லைக் கடித்துக்கொண்டு அவள் புடவைத் தலைப்பைத் திருகுவான். கடைசி வாரம் யாரையும் அடையாளம் தெரியவில்லை. ஒரு விடிகாலையில் அடங்கிவிட்டான்.

கண்ணாடிக்காரர் வேலைக்குத் திரும்பினார். ஆனால் பழைய ஆள் இல்லை. ஒவ்வொரு பாட்டிலையும் திருப்பித் திருப்பிப் படித்துவிட்டுத்தான் கொடுப்பார். வரிசையில் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். எடை மெஷினில் ஏறி இறங்குகிற ஆண்களை அவரே கூப்பிட்டு, நண்பருக்கா உனக்கா, மரியாதையாக டாக்டரிடம் போ என்று விரட்டினார். மருந்துக்கடையில் உட்கார்ந்துகொண்டு மருந்து வாங்க வேண்டாம் என்கிறாரே என்று முதலாளி தலையில் அடித்துக்கொண்டார். நீல பாட்டில் ஸ்டாண்டை ஒருநாள் இவரே தூக்கி உள்ளே வைத்துவிட்டார். இதனாலெல்லாம் மனசு ஆறிவிட்டதா என்றால் இல்லை.

தம்பி மனைவி மறுபடி காஜா மெஷினில் உட்கார்ந்தாள். எட்டு மாதம் ஓடிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவர் போவார், பிள்ளைகளைப் பார்ப்பார், அவள் கொடுக்கிற டீயைக் குடிப்பார், தலை குனிந்தபடி திரும்புவார். மாமா எங்களுக்காக உருகிப்போய்விட்டார் என்று அவள் பக்கத்து வீட்டில் சொல்லிக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் மத்தியானம் அவள் கடைக்கு வந்தாள். உதடு வெளுத்திருந்தது. கொஞ்ச நாளாக மூச்சு வாங்குகிறது, மெஷினில் குனிந்தால் தலை சுற்றுகிறது, ஏதாவது சத்து மாத்திரை கொடுங்கள் என்றாள். டாக்டரிடம் போம்மா என்றார். அவள் சிரித்தாள். உங்களுக்குத் தெரியாததா அவர்களுக்குத் தெரிந்துவிடப் போகிறது என்றாள். அவர் திரும்பவும் சொன்னார், கொஞ்சம் சத்தமாகவே சொன்னார். அவள் கேட்பதாக இல்லை.

“எது வந்தாலும் அண்ணனைக் கேளுன்னுதான் அவர் கடைசி வரைக்கும் சொல்லிட்டிருந்தாரு மாமா. நீங்களே பார்த்து ஏதாவது குடுங்க” என்று கையை நீட்டினாள்.

நீட்டின அந்தக் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார். செத்தவனுக்குச் செய்துகொடுத்த சத்தியம் ஒரு பக்கம். இவளும் தன் சொல்லை நம்பித்தான் சாகப்போகிறாள் என்கிற பயம் இன்னொரு பக்கம். கவுண்டர் பலகையைத் தூக்கிவிட்டு வெளியே வந்தார். அவளைப் படியோரம் உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னார். நீல பாட்டில், அதில் இரும்பு இல்லாதது, தான் படிக்காதது, கறுப்பாகப் போனது ரத்தம் என்பது, அவள் வந்து கேட்டபோது தான் தடுத்தது. மாற்று பாட்டில் கொண்டுபோனதைக்கூட விடவில்லை.

அவர் சொல்லி முடித்த பிறகு அவள் ஒன்றே ஒன்று கேட்டாள்.

“இது அவருக்குத் தெரியுமா?”

“தெரியும்மா. ஆஸ்பத்திரியில ரெண்டாம் நாளே தெரியும். உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு அவன்தான் சத்தியம் வாங்கினான்.”

அவள் முகம் அப்போதுதான் மாறியது. அதுவரை அவள் அவர்மேல் எரிந்து விழுவாள் என்றுதான் கண்ணாடிக்காரர் காத்திருந்தார். அதற்குத் தயாராகவும் இருந்தார். அவள் அவரைப் பார்க்கவே இல்லை. ரோட்டைப் பார்த்துக்கொண்டு, யாருக்கோ கணக்குச் சொல்கிற மாதிரி மெதுவாகப் பேசினாள்.

“பொண்டாட்டி நான் கூடவே இருந்தும் முன்னாடியே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போகாம விட்டுட்டேனேன்னு அவர் காலைப் பிடிச்சுட்டு தினம் அழுதேன். பரவாயில்ல விடு, உனக்கென்ன தெரியும்னு என் தலையைத் தடவினாரு. எட்டு மாசமா என்னை நானே திட்டிட்டு இருக்கேன். நீங்க ஞாயித்துக்கிழமை வந்து அதைக் கேட்டுட்டுத்தானே டீ குடிச்சீங்க. அண்ணனும் தம்பியுமா பேசி முடிச்சுட்டீங்க. நான் யாரு உங்களுக்கு?”

இவளைக் காப்பாற்றுகிறோம் என்று இரண்டு பேரும் நினைத்துக்கொண்டிருந்தார்கள். அவன் அவளிடம் விட்டுப்போனது தலையைத் தடவின அந்தக் கை ஒன்றுதான், அதுவும் இப்போது போய்விட்டது.

அவள் எழுந்தாள். எழுந்த வேகத்தில் தலை சுற்றியிருக்க வேண்டும், கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆஸ்பத்திரிக்குத்தானே, நானும் வருகிறேன் என்று அவர் செருப்பைத் தேடினார்.

“நீங்க வர வேண்டாம்” என்றாள். சாலையைக் கடந்து போய் பஸ்ஸுக்கு நின்றாள். ஆஸ்பத்திரி வழியாகப் போகிற வண்டி வந்ததும் கம்பியைப் பிடித்து ஏறினாள், திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் போனபோது அவள் கதவைத் திறக்கவில்லை.